ஆணுறை: வாங்கும்போது, அணியும்போது, அரிக்கும்போது

“ரப்பரில் ஏதோ கெமிக்கல் இருக்கிறதாம், போட்டால் அரிக்கிறது, அதனால் விட்டுவிட்டோம்” என்று சொல்பவர்களில் பலர் போட்டுப் பார்த்தது ஒரே ஒரு வகையைத்தான். ஸ்ட்ராபெர்ரி வாசனை, புள்ளிகள், மரத்துப்போகச் செய்யும் மருந்து எல்லாம் சேர்ந்த ஒரு பாக்கெட். எதனால் அரித்தது என்று தெரியாமலே பழி முழுவதும் ரப்பர்மேல் விழுகிறது. கீழே உள்ள வரிசை அதைப் பிரித்தறிவதற்காக. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

ஒரு விதிவிலக்கு. ஆணுறை பட்ட சில நிமிடங்களில் உதடு, கண்ணிமை வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, மூச்சு இழுப்பது என்று யாருக்காவது நேர்ந்திருந்தால் வீட்டில் எந்தச் சோதனையும் வேண்டாம். ரப்பர் பால் வகையை அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

1. முதலில் வாங்கி வைக்க வேண்டியவை

வாசனை, நிறம், புள்ளி, மருந்து எதுவும் இல்லாத சாதா லேடெக்ஸ் (ரப்பர் பால்) ஆணுறை ஒரு பெட்டி. கடையில் இதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். முன்வரிசையில் தொங்குவதெல்லாம் அலங்கார வகைகள்தான். ஆரம்ப சுகாதார நிலையத்திலும், அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்திலும் (எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் இந்தச் சாதா வகையே. இலவசம் என்பதால் தரம் குறைந்தது என்று நினைக்க வேண்டாம்.

கூடவே, தண்ணீர் வகை அல்லது சிலிகான் வகை வழவழப்பு ஜெல் ஒன்று. பலர் இதை ஆடம்பரம் என்று தள்ளிவிடுகிறார்கள். கிழிவதற்கும் எரிச்சலுக்கும் பொதுவான காரணம் வறட்சி. அதற்கு நேரடி மருந்து இந்த ஜெல்தான்.

லேடெக்ஸ் இல்லாத வகையை இப்போதே வாங்க வேண்டியதில்லை. விலை கூடுதல், தேவைப்பட்டால் 7ஆம் பகுதியில் அதற்கு வருவோம்.

2. எந்தப் பொருள், அதற்கு எது ஆகாது

லேடெக்ஸ் என்பது ரப்பர் மரத்துப் பால். அதில் கந்தகம், துத்தநாக ஆக்சைடு, வேகவூக்கி எனப்படும் சில ரசாயனங்கள் சேர்த்துச் சூடாக்கினால்தான் இழுபடும் ரப்பர் ஆகிறது. ஒவ்வாமைக்கு இரண்டு மூலங்கள் இதிலிருந்தே வருகின்றன: மரத்துப் பாலில் இயல்பாக உள்ள புரதம் ஒன்று, மிச்சமிருக்கும் வேகவூக்கி இன்னொன்று. இவை இரண்டும் வேறு வேறு நோய் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பாலிஐசோபிரீன் என்பது ஆலையில் செய்த ரப்பர். மரத்துப் புரதம் இல்லை. இழுபடும் தன்மை லேடெக்ஸ் போலவே. ஆனால் இதற்கும் எண்ணெய் ஆகாது. ‘லேடெக்ஸ் இல்லை, ஆகவே எண்ணெய் போடலாம்’ என்று நினைத்துக் கிழித்துக்கொள்கிறவர்கள் உண்டு. வேகவூக்கி இதிலும் இருக்கக்கூடும்.

பாலியூரித்தேன் ஒருவகை பிளாஸ்டிக். புரதமும் இல்லை, வேகவூக்கியும் இல்லை, எண்ணெயால் கெடாது. குறை, இழுபடுவது குறைவு. அளவு சரியாக இல்லாவிட்டால் லேடெக்ஸைவிட எளிதில் கிழியும், நழுவும்.

பெண்ணுறையில் (பெண்ணுறுப்புக்குள் வைக்கும் உறை) ஒரு பொறி உண்டு. நைட்ரைல் என்ற செயற்கைப் பொருளில் செய்தது லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவருக்கு ஏற்றது. ஆனால் ரப்பர் பாலிலேயே செய்த பெண்ணுறையும் சந்தையில் இருக்கிறது. ‘பெண்ணுறைதானே’ என்று பொருளைப் பார்க்காமல் வாங்கினால், தப்ப நினைத்த லேடெக்ஸே திரும்பி வந்துவிடும்.

ஆட்டுக்குடல் தோலில் செய்தவை வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன. விந்தணுவைத் தடுக்கும், எச்ஐவி போன்ற வைரஸ்கள் அதன் நுண்துளை வழியே போய்விடும். நோய்த் தடுப்புக்கு வேண்டாம்.

3. அட்டையிலும் பாக்கெட்டிலும் பார்க்க வேண்டியவை

காலாவதி நாள் முதலில். அட்டைப்பெட்டியில் உள்ளதை மட்டும் பார்த்தால் போதாது. உள்ளே ஒவ்வொரு பாக்கெட்டிலும் அச்சாகியிருக்கும் தேதியையும் தொகுதி எண்ணையும் பாருங்கள். பெட்டியிலும் பாக்கெட்டிலும் தொகுதி எண் வேறு வேறாக இருந்தால் யாரோ மாற்றி அடுக்கியது, வாங்காதீர்கள். உற்பத்தி உரிம எண்ணும் அட்டையில் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 4074 என்ற குறிப்பு இருந்தால் லேடெக்ஸ் ஆணுறைக்கான பன்னாட்டுத் தரம் அது.

அடுத்தது அகலம். மில்லிமீட்டரில் போட்டிருப்பது, ஆணுறையைத் தட்டையாக வைத்தால் வரும் அகலம். 49, 53 என்பவை பரவலான அளவுகள். விறைத்த நிலையில் உறுப்பின் சுற்றளவை நூலால் அளந்து, மில்லிமீட்டரில் வரும் எண்ணை 2.25-ஆல் வகுத்தால் ஏறக்குறையப் பொருந்தும் அகலம் கிடைக்கும். சுற்றளவு 120 மி.மீ. என்றால் 53. நீளத்தைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள், அதற்குத் தேவையில்லை. தரத்தின்படி குறைந்தபட்ச நீளமே 160 மி.மீ. நழுவுவதும் இறுக்கிப் பிடித்துக் கிழிவதும் அகலத்தால்தான்.

‘அதிமெல்லியது’ என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். மெல்லியதும் தடித்ததும் காற்றடித்து வெடிக்கும் அதே சோதனையைத் தாண்டியே வர வேண்டும். ஆலையில் ஒவ்வொரு ஆணுறையையும் மின்சாரம் பாய்ச்சித் துளை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மாதிரிகளில் 300 மி.லி. தண்ணீர் நிரப்பியும் பார்க்கிறார்கள். வீட்டில் தண்ணீர் நிரப்பிப் பார்ப்பதில் பயனில்லை. அப்படிச் சோதித்ததைப் பயன்படுத்த முடியாது. அடுத்ததைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

‘ஹைப்போஅலர்ஜெனிக்’ (ஒவ்வாமை வாய்ப்பு குறைவு) என்ற சொல்லை நம்பி லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர் வாங்கக் கூடாது. அந்தப் பெட்டிக்குள்ளும் ரப்பர் பால் இருக்கலாம். பொருளின் பெயரைத் தேடுங்கள்.

4. எங்கே வைப்பது

ரப்பருக்கு எதிரிகள் சூடு, வெயில், உராய்வு. சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் டாஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும். பைக் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியும் அதற்குச் சளைத்ததல்ல. பர்ஸில் வைத்தால் சூடு மட்டுமல்ல, உட்காரும்போதெல்லாம் மடிந்து நசுங்குகிறது. ஒன்றிரண்டு நாள் பரவாயில்லை, மாதக்கணக்கில் கூடாது.

வீட்டில் துணி அலமாரியின் உள்தட்டு போதும். ஃபிரிட்ஜ் தேவையில்லை. ஊசி, கத்தரிக்கோல், சேஃப்டி பின் கிடக்கும் டப்பாவுக்குள் மட்டும் போடாதீர்கள்.

5. எண்ணெய் எந்த வழியில் வருகிறது

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், நெய், வெண்ணெய், வாசலின், பேபி ஆயில், உடம்புக்குப் பூசும் லோஷன் ஆகிய எதுவும் லேடெக்ஸுடன் சேரக் கூடாது. எண்ணெய் ரப்பருக்குள் ஊறி அதை உப்பச் செய்கிறது, இழுவலிமை விழுந்துவிடுகிறது. மினரல் ஆயில் பட்ட லேடெக்ஸ் ஒரே நிமிடத்தில் தன் வலிமையில் பெரும்பகுதியை இழப்பதாக ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் ஆபத்து.

வழவழப்புக்காக யாரும் ஊற்றாமலே எண்ணெய் வந்து சேர்வதும் உண்டு. தலைக்கு எண்ணெய் தடவிய கை. எண்ணெய்க் குளியல் நாளில் சீயக்காய்க்கும் போகாமல் தொடையிடுக்கில் தங்கிய மிச்சம். ஆகவே பாக்கெட்டைத் தொடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள்.

பலருக்குத் தெரியாத வழி மருந்து. வெள்ளைப்படுதலுக்கும் பூஞ்சைத் தொற்றுக்கும் கொடுக்கும் குளோட்ரிமசோல், மைக்கோனசோல் க்ரீம்கள், உள்ளே வைக்கும் மாத்திரைகள், கிளிண்டமைசின் க்ரீம், ஈஸ்ட்ரோஜன் க்ரீம் ஆகியவற்றில் எண்ணெய் அடிப்படை இருக்கலாம். மருந்து போடும் நாட்களிலும், கடைசி முறை போட்டபின் ஐந்து நாளும் லேடெக்ஸை நம்பாதீர்கள். அந்த நாட்களில் சேராமல் இருப்பது நல்லது, இல்லையென்றால் பாலியூரித்தேன்.

ஜெல் வாங்கும்போது கிளிசரின், கிளைக்கால் அதிகம் உள்ளதைத் தவிருங்கள். அவை திசுவிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுத்து, பெண்ணுறுப்பின் உட்தோலை அரித்துவிடும். ஊடுபரவல் அளவு (ஜெல் தண்ணீரை இழுக்கும் திறனைக் காட்டும் எண்) 1200-ஐத் தாண்டக் கூடாது, முடிந்தால் 380-க்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அட்டையில் அந்த எண் இல்லையென்றால், சேர்மானப் பட்டியலில் தண்ணீருக்கு அடுத்த பெயரே கிளிசரினாக இருக்கிறதா என்று பாருங்கள். எச்சில் வேண்டாம், உடனே காய்ந்துவிடும், தொற்றும் தரும்.

6. அணியும் வரிசை

பாக்கெட்டை இரண்டு விரலால் மெல்ல அழுத்துங்கள். உள்ளே சிறு காற்றுத் தலையணை போல எதிர்த்து நிற்க வேண்டும். ஆணுறை வழுக்கி ஓரத்துக்கு நகர்வது விரலுக்குத் தெரிய வேண்டும். சப்பையாக இருந்தால் காற்று கசிந்திருக்கிறது, ஜெல் காய்ந்திருக்கும். தூக்கிப்போடுங்கள்.

ஆணுறையை ஓர் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு எதிர் ஓரத்தின் பல்வெட்டிலிருந்து கிழியுங்கள். பல்லால் கடிக்க வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டாம். இப்படித் திறக்கும்போதே ஓட்டையாகிவிடலாம்.

விறைப்பு முழுதாக வந்தபின்தான் அணிய வேண்டும். முன்தோலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உள்ளே தோல் நகரும்போது ஆணுறையும் இழுபடும். நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவு காற்றில்லாமல் கிள்ளிப் பிடித்து, சுருள் வெளிப்பக்கம் இருக்கும்படி வைத்து அடிவரை உருட்டுங்கள். நுனியில் காற்று தங்கினால் விந்து வரும் வேகத்தில் அழுத்தம் கூடிக் கிழியும்.

உருளவில்லையா? தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். திருப்பிப் போட்டு அதையே பயன்படுத்தக் கூடாது. முன்னீர் (விந்துக்கு முன் கசியும் நீர்) அதன் வெளிப்பக்கம் பட்டிருக்கும். புதியது எடுங்கள்.

ஜெல்லை வெளிப்பக்கம் தாராளமாக. உள்ளே விடுவதென்றால் ஒரு சொட்டு மட்டும். அதிகமானால் ஆணுறையே கழன்று வந்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அணிவது, ஆணுறையும் பெண்ணுறையும் சேர்த்து அணிவது இரண்டும் தவறு. ஆசனவாய் வழியிலிருந்து பெண்ணுறுப்புக்கு மாறினால் புதிய ஆணுறை.

முடிந்ததும் விறைப்பு தளர்வதற்குள், அடி வளையத்தை விரலால் பிடித்துக்கொண்டே வெளியே எடுங்கள். முடிச்சிட்டு, காகிதத்தில் சுற்றி, குப்பைத் தொட்டியில். கழிப்பறையில் போட்டால் குழாய் அடைக்கும்.

7. அரிப்பு, எரிச்சல்: எதனால் என்று கண்டுபிடிப்பது

முதல் கேள்வி, எப்போது வருகிறது? சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தடிப்பும் வீக்கமும் வந்தால் புரத ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். மூச்சுக்குழாயைப் பாதிக்கக் கூடியது இதுதான். ஒரு நாள் கழித்து, சில சமயம் மூன்று நாள் கழித்து சிவந்து, அரித்து, தோல் உரிந்தால் அது வேகவூக்கி போன்ற ரசாயனத்துக்கான தோல் ஒவ்வாமை. தொல்லை தரும், உயிருக்கு ஆபத்தில்லை. நடந்துகொண்டிருக்கும்போதே எரிந்து, நின்ற சில மணி நேரத்தில் அடங்கினால் அது பெரும்பாலும் ஒவ்வாமையே இல்லை. உராய்வு, ஜெல், மருந்து ஆகியவற்றில் ஒன்று.

இரண்டாவது கேள்வி, பலூன் ஊதினால் உதடு வீங்கியதுண்டா, பல் மருத்துவரின் கையுறை பட்டு வாய் அரித்ததுண்டா, வாழைப்பழம், பப்பாளி, அவகேடோ, கிவி சாப்பிட்டால் வாய் நமைச்சல் உண்டா? இந்தப் பழங்களின் புரதமும் ரப்பர் பால் புரதமும் ஒத்த சாயல் கொண்டவை. பலமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், மருத்துவமனையில் வேலை செய்பவர், ரப்பர் ஆலையில் வேலை செய்பவர் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். ‘ஆம்’ என்றால் சோதித்துப் பார்க்கிறேன் என்று பலூனை ஊதாதீர்கள். ஒவ்வாமை மருத்துவரிடம் ஊசிமுனைச் சோதனையோ ரத்தப் பரிசோதனையோ செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, யாருக்கு? ஒருவருக்கு மட்டும் என்றால் ஒவ்வாமைக்கு இடமுண்டு. இருவருக்கும் என்றால் பூஞ்சையோ வேறு தொற்றோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தயிர்த் திப்பி போல வெள்ளைப்படுதல், நாற்றம், புண் இருந்தால் ஆணுறையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

உடனடி ஒவ்வாமைக்கான அறிகுறி எதுவும் இல்லாதவர் மட்டும் இனி இந்த வரிசையில் போகலாம். இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். புணர்ச்சி, வாசனை சோப்பு, அந்தரங்க வாஷ், கிருமிநாசினி கலந்த தண்ணீர் உட்பட. புண்பட்ட தோல் எதன்மேலும் எரியும், அதனால் சோதனை பொய்த்துவிடும்.

பிறகு சாதா லேடெக்ஸ் ஆணுறை, வேறு ஜெல் இல்லாமல். மூன்று நாள் பொறுங்கள். தோல் ஒவ்வாமை தாமதமாக வரும் என்பதால்தான் இந்த இடைவெளி. ஒன்றும் வரவில்லையா? குற்றவாளி முன்பிருந்த வாசனை, புள்ளி, மருந்து இவற்றில் ஒன்று. ரப்பர் இல்லை. பலருக்கு விசாரணை இங்கேயே முடிந்துவிடும்.

பென்சோகெய்ன் கலந்த ‘நீண்ட நேர’ வகையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அது மரத்துப்போகச் செய்யும் மருந்து. தானே ஒவ்வாமை தரும். ஆணுறை கிழிந்ததோ தோல் சிராய்த்ததோ தெரியாமல் போவது அதன் இரண்டாவது கேடு.

சாதா வகையிலும் எரிந்தால், அடுத்த முறை அதே ஆணுறையுடன் நல்ல ஜெல் சேருங்கள். அப்போது அடங்கினால் வறட்சிதான். அப்படியும் அரித்தால் பாலிஐசோபிரீன். அதிலும் அரித்தால் பாலியூரித்தேன். பாலிஐசோபிரீனில் அரித்துப் பாலியூரித்தேனில் அரிக்கவில்லை என்றால் உங்கள் எதிரி வேகவூக்கி. தோல் மருத்துவர் முதுகில் ஒட்டும் பட்டைச் சோதனை அதை உறுதி செய்யும்.

இந்த இடத்தில் அதிகம் நடக்கும் தவறு, மருந்துக்கடையில் ‘அரிப்புக்கு ஏதாவது’ என்று கேட்டு ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த க்ரீமை வாங்கிப் பூசுவது. அரிப்பு அடங்கும், காரணம் மறையும், பூஞ்சை இருந்தால் உள்ளுக்குள் பரவும். க்ரீமின் எண்ணெய் அடுத்த ஆணுறையையும் கெடுக்கும்.

அதேபோல, மேலே உள்ள பொடியும் ஜெல்லும் போகட்டும் என்று ஆணுறையைக் கழுவி அணிபவர்களும் இருக்கிறார்கள். கழுவினால் புரதம் போகாது. வழவழப்பு மட்டும்தான் போகும்.

8. புற்றுநோய் பயம்: எது உண்மை, எது மிகை

நைட்ரசமைன்: ரப்பரில் மிச்சமிருக்கும் சில வேகவூக்கிகளிலிருந்து உண்டாகும் பொருள், இந்தக் குடும்பத்தில் புற்றுநோய் உண்டாக்குபவை இருக்கின்றன. 2004-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஓர் அரசு ஆய்வகம் 32 ஆணுறைகளைச் சோதித்து 29-இல் அதைக் கண்டது. செய்தி உண்மை. ஆனால் ஆணுறையிலிருந்து உடலுக்குச் சேரும் அளவு உணவிலிருந்தும் புகையிலையிலிருந்தும் சேர்வதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அதனால் உற்பத்தியாளர்கள் இதைக் குறைக்க வேண்டும் என்று கேட்ட உலக சுகாதார நிறுவனம், பயன்படுத்துவோரை நிறுத்தச் சொல்லவில்லை. வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு ஆணுறையின் நைட்ரசமைனைப் பற்றிக் கவலைப்படுவது விநோதம்தான். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸை ஆணுறை முழுதாகத் தடுக்காவிட்டாலும் குறைக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டால்க்: ஒட்டாமல் இருக்கப் பொடி தூவுகிறார்கள். இன்று பரவலாக இருப்பது டால்க் இல்லை, சோள மாவு, சிலிக்கா, மெக்னீசியம் கார்பனேட் போன்றவை. நீங்களாக முகப்பவுடரைத் தூவாமல் இருந்தால் சரி.

நானாக்சினால்-9: இங்கே பயம் புற்றுநோய் பற்றியதல்ல, ஆனாலும் இதைத்தான் உண்மையில் தவிர்க்க வேண்டும். விந்தணுவைக் கொல்லும் இந்த மருந்து உட்தோலையும் அரிக்கும். பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து நாடுகளில் பாலியல் தொழிலாளர்களிடம் இதன் ஜெல்லைச் சோதித்தபோது, 2000-இல் வெளியான முடிவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது: அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு எச்ஐவி தொற்று கூடியது. அட்டையில் ‘ஸ்பெர்மிசைடல்’ என்று இருந்தால் வேறு பெட்டி எடுங்கள்.

9. கிழிந்துவிட்டால், நழுவிவிட்டால்

உடனே நிறுத்தி வெளியே எடுங்கள். உள்ளே தங்கிவிட்டால் பெண் குந்தி உட்கார்ந்து இரண்டு விரலால் வளையத்தைப் பிடித்து இழுக்கலாம்; வரவில்லையென்றால் மருத்துவமனை. வெளியே மட்டும் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். உள்ளே பீய்ச்சிக் கழுவுவது கருத்தரிப்பைத் தடுக்காது, உட்தோலைத்தான் புண்ணாக்கும்.

கருத்தரிப்புக் கவலை என்றால் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை முன்னதாக. தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகள் இதை வைத்திருப்பதில்லை. கடை கடையாக அலைந்து நேரத்தை விடாமல் அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்குப் போய்விடுங்கள். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி பொருத்துவது இதைவிடப் பலன் தருவது.

எச்ஐவி கவலை என்றால் காலக்கெடு இன்னும் இறுக்கம். தடுப்பு மருந்தை முதல் சில மணி நேரங்களிலேயே தொடங்க வேண்டும். 72 மணி நேரத்தைத் தாண்டினால் பலனில்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்தை (எச்ஐவி மருந்து தரும் இடம்) கேளுங்கள், இரவானால் அவசரப் பிரிவு. வழி தெரியாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா எண். முதல் பரிசோதனை அன்றே. அது பழைய நிலையை மட்டுமே காட்டும் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஒன்று. அதுவரை சாதா ஆணுறையும் ஜெல்லும் தொடர வேண்டும்.